ராணுவச் செயற்கைக்கோளும் மாணவர் பெட்டியும்



2026 ஜனவரி 12-ம் தேதி காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. - சி62 ராக்கெட் கிளம்பியது நினைவிருக்கிறதா? முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. மூன்றாம் கட்டம் முடியப்போகும் நேரத்தில் கோளாறு. ராக்கெட் போக வேண்டிய பாதையை விட்டு விலகிவிட்டது.

அந்த ராக்கெட்டின் முக்கியப் பயணி, இ.ஓ.எஸ். - என்1 என்ற செயற்கைக்கோள். 'அன்வேஷா' என்றும் அதற்குப் பெயர் உண்டு. நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்புக்காக, அதாவது டி.ஆர்.டி.ஓ.வுக்காக, அது அனுப்பப்பட்டது. அதோடு சின்னச் சின்னதாக இன்னும் 15 பயணிகள். பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பில் உருவானவையும் அவற்றில் இருந்தன.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, மாலை நேரத்தில் என்னிடம் கணக்குப் பாடம் கேட்க வருவாள். மறுநாள் கணக்கு நோட்டோடு செய்தித்தாளையும் கொண்டு வந்தாள்.

"சார், பெரிய செயற்கைக்கோள் ராணுவத்துக்குன்னு போட்டிருக்காங்க. அதோட காலேஜ் பசங்க செஞ்சதை எல்லாம் ஏன் சார் ஏத்தினாங்க? அது போனதும் இதுங்களும் சேர்ந்து போயிடுச்சே!"

நியாயமான கேள்விதானே? அவளுக்கு அன்று சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்கும் சொல்கிறேன்.

பௌர்ணமி வேன்

எங்கள் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றி நடப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து வேன் பேசிக்கொண்டு வருவார்கள்.

ஆரணியில் ஒரு குடும்பம் அப்படி ஒரு வேன் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் பத்துப் பேர். இருக்கைகள் பதினான்கு. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் திருவண்ணாமலையில் இருக்கும் விடுதிக்குப் போக வேண்டும். "என்னையும் ஏத்திக்கிறீங்களா மாமா?" என்று கேட்கிறான்.

"தாராளமா வா தம்பி. ஆனா நாங்க கிளம்புற நேரத்துக்கு நீ தயாரா நிக்கணும். வழியில எங்க வேலைக்கு ரெண்டு இடத்துல நிறுத்துவோம். பெரிய பெட்டி எல்லாம் கொண்டாராதே."

இதுதான் விஷயம். வேன் வாடகை அந்தக் குடும்பத்தினுடையது. போகும் வழியும் நேரமும் அவர்கள் இஷ்டம். காலியாகப் போகிற இருக்கை பையனுக்குக் கிடைக்கிறது. பாதி வழியில் வண்டி பழுதாகி நின்றால், அவனும்தான் ரோட்டில் நிற்க வேண்டும்.

ராக்கெட்டிலும் இதே கதைதான். ஒரு ராக்கெட்டை அனுப்பப் பல கோடி ரூபாய் ஆகும். ஒரு பள்ளியோ கல்லூரியோ அதைத் தனியாக வாங்க முடியாது. நாட்டுப் பாதுகாப்புக்காக ஒரு செயற்கைக்கோள் போகும்போது, மிச்சம் இருக்கும் இடத்தில் சிறிய ஆய்வுப் பெட்டிகளை ஏற்றிவிட்டால், அவர்களுக்கும் விண்வெளி எட்டிவிடும்.

இந்த யோசனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ராணுவத்தில் 1960-களிலேயே இதற்காக 'விண்வெளிச் சோதனைத் திட்டம்' தொடங்கப்பட்டது. விஞ்ஞானிகள் கொண்டு வரும் ஆய்வுகளை ஒரு குழு பரிசீலித்து, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தும். அந்த வரிசைப்படி, எந்த ராக்கெட்டில் எந்தச் செயற்கைக்கோளில் இடம் இருக்கிறது என்று தேடி ஏற்றி அனுப்புவார்கள். எஸ்.டி.பி.சாட் என்ற பெயரில், ஆய்வுப் பெட்டிகளைச் சுமப்பதற்கென்றே சிறிய ராணுவச் செயற்கைக்கோள்களையும் செய்தார்கள்.

நம் நாட்டில் இது எப்படி நடந்தது? இரண்டு பயணங்களைப் பார்ப்போம்.

நள்ளிரவுக்கு முன் ஒரு பயணம்

2019 ஜனவரி 24. இரவு மணி 11.37. பி.எஸ்.எல்.வி. - சி44 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. அதன் முக்கியப் பயணி 'மைக்ரோசாட் - ஆர்'. எடை 740 கிலோ. 'படம் எடுக்கும் செயற்கைக்கோள்' என்று மட்டும்தான் இஸ்ரோ அப்போது சொன்னது. அது பாதுகாப்புத் துறைக்கானது என்று செய்தித்தாள்கள் எழுதின.

கூடவே போன சின்னப் பயணியின் பெயர் 'கலாம்சாட் - வி2'. சென்னையில் உள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பின் மாணவர்கள் செய்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர். எடை 1.26 கிலோ. உங்கள் மதிய உணவுப் பையின் கனம்தான் இருக்கும்! ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கு உதவும் கருவி அதில் இருந்தது. அதை ஏற்றிச் செல்ல இஸ்ரோ கட்டணம் வாங்கவில்லை.

சுமார் பதின்மூன்றரை நிமிடத்தில், 274 கிலோமீட்டர் உயரத்தில் மைக்ரோசாட் இறக்கிவிடப்பட்டது. அதன் பிறகுதான் சின்னப் பயணியின் முறை வந்தது.

இங்கே ஒரு புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் எரிந்து முடிந்ததும் கழன்று விழுந்துவிடும். நான்காவது கட்டம் செயற்கைக்கோளோடு மேலே வரைக்கும் போகும். அதை இறக்கிவிட்ட பிறகு வேலை இல்லாமல் வெறுமனே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு அது குப்பை.

'இந்தக் குப்பையையே ஏன் மேடையாகப் பயன்படுத்தக் கூடாது?' என்று இஸ்ரோ யோசித்தது. கலாம்சாட்டை நான்காம் கட்டத்திலேயே பொருத்தி வைத்திருந்தார்கள். மைக்ரோசாட்டை இறக்கிய பின், நான்காம் கட்டத்தின் எஞ்சினை மீண்டும் இரண்டு முறை இயக்கி, சுமார் 450 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். காலி வேனே கலாம்சாட்டுக்கு வீடாகிவிட்டது. நான்காம் கட்டத்தை ஆய்வு மேடையாக முதன்முதலில் பயன்படுத்தியது நம் மாணவர்களின் பெட்டிதான்!

மூன்று தெருவில் நின்ற வண்டி

இரண்டே மாதத்தில் அடுத்த பயணம். 2019 ஏப்ரல் 1, காலை 9.27 மணி. பி.எஸ்.எல்.வி. - சி45. இம்முறை முக்கியப் பயணி 'எமிசாட்'. எடை 436 கிலோ. ரேடார் போன்ற கருவிகளில் இருந்து வரும் மின்காந்த அலைகளை வானத்தில் இருந்து அளப்பது அதன் வேலை. இதுவும் நாட்டுப் பாதுகாப்புக்கு உதவுவதுதான்.

உடன் போனவை வெளிநாடுகளின் 28 சிறிய செயற்கைக்கோள்கள். அமெரிக்கா 24, லிதுவேனியா 2, ஸ்பெயின் 1, சுவிட்சர்லாந்து 1.

ராக்கெட் முதலில் 748 கிலோமீட்டர் உயரத்தில் எமிசாட்டை இறக்கியது. பிறகு 504 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கி வந்து, 28 பேரையும் இறக்கியது. கடைசியாக நான்காம் கட்டம் 485 கிலோமீட்டருக்கு வந்து ஆய்வு மேடையாக மாறியது. ஒரே ராக்கெட் மூன்று வெவ்வேறு உயரங்களில் வேலை செய்தது இஸ்ரோவுக்கு அதுதான் முதல் முறை.

அந்த மேடையில் மூன்று ஆய்வுப் பெட்டிகள் இருந்தன. கடலில் போகும் கப்பல்கள் 'நான் இன்ன கப்பல், இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று அனுப்பும் செய்தியைக் கேட்கும் பெட்டி, இஸ்ரோவுடையது. ஹாம் ரேடியோ பெட்டி, ஆம்சாட் இந்தியா அமைப்புடையது. காற்று மண்டலத்தின் மேலே மின்னூட்டம் கொண்ட துகள்கள் நிறைந்த அடுக்கை ஆராயும் பெட்டி, திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் செய்தது.

இந்த முறை நான்காம் கட்டத்துக்குச் சூரியத் தகடுகளும் வைத்தார்கள். இதனால் வெயிலில் இருந்தே மின்சாரம் கிடைத்தது.

திட்டம் போடுபவர்களின் ஐந்து கேள்விகள்

இப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போட உட்காருகிறவர்கள் என்னென்ன யோசிப்பார்கள்? நீங்களே அந்த அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பாதை? தரையை உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தாழ்வான பாதை நல்லது. பரந்த நிலப்பரப்பை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டுமென்றால் உயரமான பாதை நல்லது. முக்கியப் பயணிக்கு எது தேவையோ, அதுதான் முதலில் முடிவாகும்.

2. எவ்வளவு எடை? சி44-ல் சுமை குறைவு. எனவே பக்கவாட்டில் இரண்டே இரண்டு துணை ராக்கெட்டுகளைப் பொருத்தினார்கள். சி45-ல் நான்கு. ஆளுக்கு ஏற்ற வேன்!

3. மின்சாரம் எங்கிருந்து? பேட்டரி மட்டும் என்றால் ஆயுள் குறைவு. சூரியத் தகடு இருந்தால் பல மாதம் ஓடும்.

4. விருந்தாளியால் தொந்தரவு வருமா? ராக்கெட் கிளம்பும்போது பயங்கரமாக அதிரும். மேலே போனால் காற்றே கிடையாது. வெயிலில் கொதிக்கும், நிழலில் உறையும். ஒரு திருகு கழன்றால்கூட முக்கியப் பயணியின் மேல் போய் இடிக்கும். தப்பான நேரத்தில் ரேடியோ அலையை அனுப்பினால் அடுத்த கருவி குழம்பும். அதனால் 1 கிலோ பெட்டியாக இருந்தாலும், அதிர்வுச் சோதனை, வெப்பச் சோதனை, வெற்றிடச் சோதனை எல்லாவற்றிலும் தேறியாக வேண்டும்.

5. வேலை முடிந்ததும் என்ன செய்வது? இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவற்றோடு ராணுவப் பயணத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விருந்தாளிக்கு வீட்டின் எல்லா அறைகளும் திறக்காது. பக்கத்தில் இருக்கும் பெரிய செயற்கைக்கோள் என்ன பார்க்கிறது, என்ன கேட்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

ஒரே பெயர், இரண்டு இடம்

இப்போது மைக்ரோசாட்டின் கதைக்குத் திரும்புவோம். கலாம்சாட்டோடு ஒன்றாகப் போனதே, அதற்கு என்ன ஆயிற்று?

2019 மார்ச் 27. ஒடிசா கடலோரத்தில் உள்ள ஒரு தீவில் இருந்து டி.ஆர்.டி.ஓ.வின் ஏவுகணை ஒன்று சீறிப் பாய்ந்தது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த மைக்ரோசாட்டை நேராக மோதி நொறுக்கியது. 'மிஷன் சக்தி' என்று அதற்குப் பெயர். அன்றே பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து, செயற்கைக்கோளை வீழ்த்தும் வல்லமையைக் காட்டிய நான்காவது நாடானது இந்தியா.

ஏவுகணை புறப்பட்ட அந்தத் தீவின் பெயர் என்ன தெரியுமா? அப்துல் கலாம் தீவு!

ஆமாம், பிள்ளைகளே. மாணவர்கள் செய்த பெட்டிக்கும் கலாம் பெயர். ஏவுகணை கிளம்பிய தீவுக்கும் கலாம் பெயர். இரண்டுக்கும் அவர் பெயர் பொருத்தம்தான். ராமேஸ்வரத்தில் பிறந்த அவர், 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி. - 3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர். பிறகு டி.ஆர்.டி.ஓ.வுக்குப் போய் ஏவுகணைகளை உருவாக்கியவர். மாணவர்களைச் சந்தித்து, கேள்வி கேட்கச் சொல்லி ஊக்கம் கொடுத்ததும் அவர்தான்.

விண்வெளி அறிவியலும் நாட்டுப் பாதுகாப்பும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் கலந்திருந்தது போல, ஒரே ராக்கெட்டிலும் கலந்துதான் போகின்றன. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் புரிந்துகொள்ள வேண்டும்.

கிரிவலப் பாதையில் குப்பை

அடித்து நொறுக்கிய செயற்கைக்கோளின் துண்டுகள் எங்கே போகும்?

எங்கள் ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடந்து வர நான்கைந்து மணி நேரம் ஆகும். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகத்தில் போனால், இரண்டு நொடிகூட ஆகாது! நொடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர் வேகம். பூமியையே ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடும். இந்த வேகத்தில் ஒரு சின்ன ஆணி மோதினாலும் செயற்கைக்கோள் உடைந்துபோகும்.

பூமியைச் சுற்றும் பாதையும் எல்லோருக்கும் பொதுவான ஒரு கிரிவலப் பாதைதான். அதில் யாரோ ஒருவர் உடைத்துப் போட்ட கண்ணாடி, யார் காலை வேண்டுமானாலும் குத்தும்.

மிஷன் சக்தியின்போது, வேண்டுமென்றே தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்ததாக டி.ஆர்.டி.ஓ. விளக்கியது. அங்கே லேசாகக் காற்று இருப்பதால், துண்டுகள் வேகம் குறைந்து, சுமார் 45 நாட்களில் கீழே வந்து எரிந்துவிடும் என்றது. பெரும்பாலானவை சீக்கிரமாகவே எரிந்தும் போயின. ஆனால் மோதலின் வேகத்தில் சில துண்டுகள் மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டன. அவற்றில் சில, ஓராண்டு கடந்தும் சுற்றிக்கொண்டிருந்தன.

நாசாவின் அன்றைய தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன் இதைக் கடுமையாகக் குறை கூறினார். சுமார் 400 துண்டுகள் உண்டானதாகவும், 24 துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தைவிட உயரமாகப் போனதாகவும் சொன்னார். அவர் அப்படிப் பேசியது 2019 ஏப்ரல் 1. நம் எமிசாட் விண்ணுக்குப் போன அதே நாள்!

குறை சொல்வதென்றால் எல்லோரையும்தான் சொல்ல வேண்டும். 2007-ல் சீனா 850 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் 3,000-க்கும் அதிகமான துண்டுகள் சிதறின. உயரம் அதிகம் என்பதால், அவற்றில் பல இன்னும் கீழே வரவில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும்கூட இத்தகைய சோதனைகளைச் செய்தவைதான்.

ஏற்றிய கொப்பரையை இறக்குவோம்

இதற்கு என்ன வழி? எங்கள் ஊர் மலையே ஒரு வழி சொல்கிறது.

கார்த்திகை தீபத்துக்கு முன், பெரிய கொப்பரையை ஆட்கள் தோளில் சுமந்து 2,668 அடி உயர மலைமேல் ஏற்றுவார்கள். தீபம் பதினொரு நாள் எரியும். அது முடிந்ததும் கொப்பரையை உச்சியிலேயே போட்டுவிட்டு வருவார்களா? மாட்டார்கள். மீண்டும் சுமந்து இறக்கிக் கோயிலுக்குக் கொண்டு வந்து சேர்ப்பார்கள். ஏற்றும்போதே இறக்குவதற்கும் திட்டம் இருக்கிறது.

நான் மேலே சொன்ன ஐந்தாவது கேள்வி இதுதான். இஸ்ரோ இப்போது இதைக் கவனமாகச் செய்கிறது. கலாம்சாட்டில் தொடங்கிய நான்காம் கட்ட மேடை வளர்ந்து, 2022 ஜூன் 30 அன்று 'போயம்' என்ற பெயரோடு சி53 ராக்கெட்டில் பறந்தது. அது தானே நிலையாக நின்று, திசை மாறாமல் சுற்றக்கூடிய மேடை.

2024 ஜனவரி 1 அன்று போன சி58 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை, 650 கிலோமீட்டரில் இருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கிய பிறகே ஆய்வுகளைத் தொடங்கினார்கள். மிச்ச எரிபொருளையும் வெளியேற்றிவிட்டார்கள். இல்லாவிட்டால் அது பின்னாளில் வெடித்துத் துண்டுகளாகச் சிதறக்கூடும். மார்ச் 21 அன்று அது காற்று மண்டலத்துக்குள் நுழைந்து தன் கதையை முடித்துக்கொண்டது. கொப்பரை முழுசாகக் கோயிலுக்கு வரும். இது எரிந்தபடி கடலுக்குப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்!

2024 டிசம்பர் 30 அன்று சி60 ராக்கெட்டில் போன நான்காவது 'போயம்', 24 ஆய்வுகளைச் சுமந்தது. அதில் ஒன்று உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டுக் காராமணி விதைகளைச் சின்னப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். நான்கே நாளில் முளைத்தது. பிறகு இரண்டு இலையும் விட்டது! நம் வீட்டுக் குழம்பில் போடும் காராமணி, எடையே தெரியாத இடத்தில், காலியான ராக்கெட் துண்டில் உட்கார்ந்து முளை விட்டிருக்கிறது. அந்த மேடையும் 2025 ஏப்ரல் 4 அன்று காற்று மண்டலத்துக்குள் இறங்கி முடிந்தது.

இன்றைக்கு இத்தகைய மேடையில் இடம் கேட்கும் தனியார் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் அணுக வேண்டிய அமைப்பு 'இன்-ஸ்பேஸ்'. குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் இருக்கிறது.

விழுந்தால் எழலாம்

அந்த மாணவியின் கேள்வியில் ஒரு வருத்தம் இருந்தது, கவனித்தீர்களா? 'அது போனதும் இதுங்களும் போயிடுச்சே' என்றாள்.

உண்மைதான். கூட்டுப் பயணத்தின் பெரிய கஷ்டமே இதுதான். ஆனால் இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று, எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறிய ராக்கெட் தன் முதல் பயணத்தில் 'ஆசாதிசாட்' என்ற பெட்டியைச் சுமந்து போனது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. உணர்கருவிக் கோளாறால் ராக்கெட் சரியான பாதையில் சேர்க்கவில்லை. பெட்டி வீணானது.

உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்களா? இல்லை. மீண்டும் 'ஆசாதிசாட் - 2' தயாரானது. 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தில் போய், வெற்றிகரமாகப் பாதையில் சேர்ந்தது.

2026 ஜனவரி விபத்திலும் ஒரு சின்ன வெளிச்சம் உண்டு. ஸ்பெயின் நாட்டு நிறுவனத்தின் 'கிட்' என்ற சிறிய பெட்டி, பாதை மாறிய ராக்கெட்டில் இருந்தும் பிரிந்து, விழும் நேரத்தில் மூன்று நிமிடங்களுக்கு மேல் தகவல் அனுப்பியதாக அந்த நிறுவனம் தெரிவித்தது. கடைசி நிமிடம் வரை தேர்வு எழுதிய மாணவன் மாதிரி!

கொடுக்கலாமா, கூடாதா?

எல்லாவற்றையும் கேட்ட பிறகு அந்த மாணவி கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அப்போ சார், நாங்க ஒரு பெட்டி செஞ்சா, ராணுவச் செயற்கைக்கோள் போற ராக்கெட்ல கொடுக்கலாமா, கூடாதா?"

'கொடுக்கலாம்' என்பவர்கள் சொல்வது இது: காலி இடம் வீணாகக் கூடாது. ஏழைப் பிள்ளைகளுக்கும் விண்வெளி எட்ட வேண்டும். நாட்டைக் காப்பதும் தப்பான வேலை அல்ல.

'கூடாது' என்பவர்கள் சொல்வது இது: என்ன வேலைக்கு அந்தச் செயற்கைக்கோள் போகிறது என்றே நமக்குத் தெரியாது. நாளை அது ஒரு சண்டையில் பயன்படலாம். அறிவியல் எல்லோருக்கும் பொதுவானது. அதைத் தனி வண்டியில் அனுப்பும் நாள் வரை பொறுக்கலாம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், கொடுக்கலாம் என்பேன். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

ஒன்று, யாரோடு பயணம் போகிறோம் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே நேராகச் சொல்ல வேண்டும். பெரிய செயற்கைக்கோளின் ரகசியம் வேண்டாம். அது ராணுவத்துக்கானது என்ற உண்மை போதும்.

இரண்டு, மாணவர்களின் கருவி கண்டுபிடிக்கும் தகவல் ரகசியப் பெட்டிக்குள் போகக் கூடாது. எல்லாப் பள்ளிகளும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

மூன்று, வேலை முடிந்ததும் மேடையைக் கீழே இறக்கும் திட்டம், கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஏற்றுகிறவர்தான் இறக்க வேண்டும்.

வேனில் இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம். 'வண்டி எங்கே போகிறது?' என்று கேட்டுவிட்டு ஏறுவதும் நல்ல பழக்கம்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகளுக்கான இடம் அது. அங்கிருந்து கிளம்பும் ஏதோ ஒரு ராக்கெட்டில், திருவண்ணாமலைப் பிள்ளைகளின் பெட்டியும் ஒருநாள் போகலாம். ஏன், நீங்கள் செய்ததாகவே இருக்கலாம்!

வருகிற வாரம் உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து இதை விவாதித்துப் பாருங்கள். கொடுக்கலாம் என்று ஓர் அணி, கூடாது என்று ஓர் அணி. பாதி நேரம் முடிந்ததும் அணியை மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்து நியாயத்தை உங்கள் வாயாலேயே சொல்லிப் பார்த்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும். பணியில் இருந்த காலத்தில் என் வகுப்பில் இப்படித்தான் செய்வேன்.

அந்த மாணவி எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்களா? "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று போனவள், மறுநாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை அளவோடு வரைந்து கொண்டு வந்தாள். உள்ளே என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லையாம்!